சந்தேகப் பதிவேடு கணினிக்கு மாறினால் அறிவியல் ஆகிவிடுமா?

காவல்துறை தகவல்களின் அடிப்படையில் இயங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கொள்ளைக் கும்பல்களையும் கலவரத்திற்குத் திட்டமிடுவோரையும் முன்கூட்டியே கண்டறிவது அதன் கடமை. ஆனால் அத்தகவல் யாரைப் பற்றித் திரட்டப்படுகிறது, எதற்குப் பயன்படுகிறது, பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு ஒன்றிய ஆட்சியாளர்களிடம் விடையில்லை.

பிரிட்டிஷார் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்தினர். அச்சட்டம் 1952இல் ஒழிந்தது. அந்த மனப்பான்மை ஒழியவில்லை. காவல் நிலையங்களின் குற்ற வரலாற்றுப் பதிவேடுகளில் அது இன்றும் வாழ்கிறது. விளிம்புநிலை மக்களும் சீர்மரபினரும் சாதியப் பாரபட்சத்தால் இப்பதிவேடுகளில் சேர்க்கப்படுவது குறித்து உச்சநீதிமன்றமே 2024 மே மாதத்தில் கவலை தெரிவித்தது.

இந்தப் பதிவேடுகளே இப்போது கணினிக்குத் தீனியாகின்றன. எந்தப் பகுதியில் ரோந்து அதிகமோ, அங்கே வழக்குகளும் அதிகம் பதிவாகும். வழக்குகள் அதிகம் என்பதைக் காட்டி மீண்டும் அங்கேயே ரோந்து அனுப்பப்படும். குடிசைப் பகுதிகள் குற்ற வரைபடத்தில் சிவந்து தெரியும். தொழிலாளியின் கூலியை ஏய்க்கும் முதலாளியின் அலுவலகம் அவ்வரைபடத்தில் தென்படுவதே இல்லை.

தில்லியின் அனுபவம் கண்முன்னே உள்ளது. காணாமல் போன குழந்தைகளைத் தேடுவதற்கென்று 2018இல் அங்கு முகமறிதல் தொழில்நுட்பம் கொண்டுவரப்பட்டது. 2020 பிப்ரவரி வன்முறைக்குப் பின் அது வேறு திசையில் திருப்பப்பட்டது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விவரங்களைக் கொண்டு 1,100க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் அறிவித்தார். 80 சதவீதம் பொருந்தினாலே சரியான அடையாளமாகக் கொள்ளப்படும் எனத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தில்லி காவல்துறை பதிலளித்துள்ளது. வாக்களிக்கக் கொடுத்த புகைப்படம், குடிமகனின் ஒப்புதலின்றியே காவல்துறையின் கைக்குப் போய்விட்டது.

சட்டங்களும் இதற்கே துணை நிற்கின்றன. கைதானவர்களின் கைரேகை, கருவிழிப் பதிவு உள்ளிட்டவற்றை 75 ஆண்டுகள் சேமித்து வைக்க 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் வழிசெய்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே வழங்குகிறது. 1887இல் வேர்கொண்ட உளவுத்துறை இன்றுவரை நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் ஏதுமின்றியே இயங்குகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பு ஏட்டளவில் நிற்கிறது.

உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவரப்பட வேண்டும். தனிச்சட்டம் இயற்றப்படும் வரை முகமறிதல் தொழில்நுட்பத்தைக் காவல்துறை பயன்படுத்துவது நிறுத்தப்பட வேண்டும். குற்ற வரலாற்றுப் பதிவேடுகள் குறித்த காலத்தில் தணிக்கை செய்யப்பட்டு, நிரபராதிகளின் பெயர்கள் நீக்கப்பட வேண்டும். நம்பி வந்து தகவல் சொல்லும் மக்களே காவல்துறையின் உண்மையான பலம். அம்மக்களையே சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொண்டு எந்த இயந்திரத்தாலும் அந்த நம்பிக்கையை ஈட்ட முடியாது.