பிராசஸரை எமரி பேப்பரில் தேய்த்தால் சூடு குறையுமா?

கத்திரி வெயிலும் கல்யாண சீசனும் ஒன்றாக வந்தால், வீடியோ எடிட் செய்பவர்களுக்கு ஒரு தொல்லை கூடவே வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மதியம் 2 மணிக்கு நொண்டியடிக்கும். சில நேரம் தானாகவே அணைந்துவிடும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் செய்பவர்களும் உண்டு. ஆனால், கள்ளக்குறிச்சி மாதிரியான ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு கம்ப்யூட்டர் பிரியர்கள் பல வருடங்களாகச் செய்துவரும் ஒரு வைத்தியம் 'லேப்பிங்'. பிராசஸரின் மேல் மூடியையும், அதன்மேல் உட்காரும் ஹீட்சிங்க்கின் அடிப்பகுதியையும் எமரி பேப்பரில் தேய்த்துச் சமமாக்குவது. டீசல் இன்ஜினுக்கு 'ஹெட் ஃபேசிங்' செய்வார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

ஏன் தேய்க்க வேண்டும்? பார்க்க வழவழப்பாக இருக்கும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் முழுதாக ஒட்டுவதில்லை. நடுவில் குழிவு, ஓரத்தில் மேடு என்று இருக்கும். இடைவெளியில் காற்று நிற்கும். செம்பு கடத்தும் வெப்பத்தில் சுமார் 15,000-ல் ஒரு பங்கைத்தான் காற்று கடத்தும். அந்தச் சந்தை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். ஆனால் பேஸ்ட்டும் செம்புக்குப் பக்கத்தில் வர முடியாது. அதனால் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தடிமனான கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை ஒட்டி, மார்க்கர் பேனாவால் உலோகத்தில் கோடு போட்டுத் தேய்க்க வேண்டும். கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். 400 நம்பரில் தொடங்கி 1000 வரை போனால் போதும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களையும் சொரசொரப்பான தாளில் தொடங்கி நைஸான தாளில்தான் முடிப்பார்கள். ஒரு வித்தியாசம்: சிற்பத்துக்குப் பளபளப்பு முக்கியம், பிராசஸருக்குச் சமதளம்தான் முக்கியம். முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்குவது வெறும் ஆசைக்காக!

லாபம் எவ்வளவு? பெரும்பாலும் சில டிகிரிகள்தான். மேற்பரப்பு ரொம்பவே கோணலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நஷ்டத்தைப் பாருங்கள்: மூடியின் நிக்கல் பூச்சு போய் செம்பு தெரியும், மாடல் எண் அழியும், வாரன்டி போய்விடும், பழைய விலைக்குக்கூட விற்க முடியாது. அடியில் ஊசிகள் இருக்கும் பிராசஸர் என்றால் ஒன்று வளைந்தாலே தலைவலி. உதிரும் செம்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும், மதர்போர்டில் விழுந்தால் ஆபத்து. லேப்டாப் பக்கமே போகாதீர்கள். அதில் மூடி கிடையாது, தேய்ப்பது நேராக சிலிக்கான் சில்லைத்தான்.

2021-ல் வந்த இன்டெல் 12-வது தலைமுறை பிராசஸர்களில், பூட்டும் கம்பி அழுத்தியே மூடி லேசாக வளைகிறது என்பது தெரியவந்தது. கழற்றித் தேய்த்தாலும் திரும்பப் பூட்டும்போது வளையும். அதற்குத் தேய்ப்பதைவிட, அழுத்தத்தைச் சமமாகப் பரப்பும் தனி ஃப்ரேம் பொருத்துவதே சரி.

இன்னொரு கணக்கும் உண்டு. அறையின் சூடு 1 டிகிரி குறைந்தால் பிராசஸரும் ஏறக்குறைய 1 டிகிரி குறையும். 1,000 மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். கல்வராயன் மலைமேல் இருப்பவருக்கு, மெலிந்த காற்றால் கொஞ்சம் போனாலும், லேப்பிங் தரும் லாபத்தில் ஒரு பங்கு சும்மாவே கிடைக்கிறது. கீழே இருப்பவர்கள் கம்ப்யூட்டரைச் சுவரோரப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆகவே முதலில் ஃபேனிலும் ஹீட்சிங்க் இடுக்கிலும் அடைந்த தூசியை பிரஷ்ஷால் எடுங்கள். காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வையுங்கள். முன்னும் பின்னும் 'கோர் டெம்ப்' மாதிரியான இலவச மென்பொருளில் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் தேய்த்தே தீருவேன் என்றால், ஹீட்சிங்க்கை மட்டும் தேயுங்கள். வெப்பக் குழாய்கள் அடியில் வெளியே தெரியும் மாடல் என்றால் அதுவும் வேண்டாம், குழாய்ச் சுவர் மெல்லியது.