ஜால்ரா இலவசம்!

ஜால்ரா என்றால் நமக்கு இளக்காரம். தலைவருக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிற ஆசாமிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம். ஆனால், ஒரு பரதநாட்டிய மேடையைப் பாருங்கள். நிகழ்ச்சியை நடத்துகிற நட்டுவனார் கையில் இருப்பது என்ன? ஜால்ராவுக்கு அண்ணன் முறையான தாளம். அவர் தட்டுகிறபடிதான் கால்கள் போகின்றன.

டிரம்ஸ் செட்டில் அந்த வேலையைச் செய்வது சிம்பல்கள். போன மாதம் அக்கா பையனுக்கு டிரம்ஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். பளபளவென்று சிவப்பு டிரம்கள். "அஞ்சு பீஸ் சார். சிம்பல் ஃப்ரீ!" என்றார் விற்பனையாளர். தட்டிப் பார்த்தேன். சமையலறையில் குண்டான் மூடி விழுந்த சத்தம்.

"சத்தம் வருதுல்லடா, அப்புறமென்ன? பழகுற பையன்தானே" என்றாள் அக்கா.

இந்த 'பழகுற பையன்தானே' இருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை. பாட்டு கற்கிற பெண்ணுக்கு ஸ்ருதி சேராத தம்புராவைக் கொடுப்பீர்களா? காது உருவாகிற வயதில்தானே நல்ல ஒலி வேண்டும்?

நான் பி.காம். மூலதனச் செலவு வேறு, நடப்புச் செலவு வேறு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். டிரம்மின் தோல் (இப்போது அது பிளாஸ்டிக்) நடப்புச் செலவு. தேய்ந்தால் மாற்றலாம். சாவியால் முறுக்கி ஸ்ருதி சேர்க்கலாம். சுமாரான டிரம்கூட நல்ல தோல் போட்டால் தேறிவிடும். சிம்பலில் முறுக்க எந்த ஆணியும் இல்லை. பிறந்த குரல்தான் கடைசிவரை. அது மூலதனம். அதைப் போய் இலவசமாக வாங்குகிறோம்!

இலவசமாக வருவது பெரும்பாலும் பித்தளை. அதாவது செம்பும் துத்தநாகமும். நல்ல சிம்பல் வெண்கலம். செம்பும் தகரமும். நடுத்தர விலையில் 92-க்கு 8, உயர்ந்த ரகத்தில் 80-க்கு 20 என்ற விகிதம். 1623-ல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய ஸில்ஜியான் குடும்பத்தின் மூதாதை அவெடிஸ், தங்கம் செய்ய முயன்றபோது இந்தக் கலவை கிடைத்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. கம்பெனி இன்று அமெரிக்காவில் இருக்கிறது.

வெண்கலத்துக்கு என்ன விசேஷம்? மெதுவாகத் தட்டினால் ஒரு குரல், ஓங்கித் தட்டினால் வேறு குரல், விளிம்பில் ஒன்று, நடுக்குமிழில் ஒன்று. மட்டமான பித்தளை எப்படித் தட்டினாலும் ஒரே மாதிரி கத்தும். பையன் என்ன செய்வான்? இன்னும் ஓங்கி அடிப்பான். முரட்டுக் கையை அவனுக்குப் பழக்கிக் கொடுத்தது நீங்கள்.

என் கணக்கு இதுதான். பட்ஜெட்டில் பாதியை சிம்பலுக்கு ஒதுக்குங்கள். முதலில் 14 அங்குல ஹை-ஹாட் ஜோடி. அதிகம் அடி வாங்குவது அதுதான். அடுத்து 20 அங்குல ரைடு. கிராஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடையில் வேறொருவரைத் தட்டச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். பழைய சரக்கென்றால் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, நடு ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். வீட்டில் மாட்டும்போது திருகை இறுக்காதீர்கள். தட்டு ஆடவேண்டும். இறுக்கினால் வெடிக்கும்.

இதெல்லாம் செய்யாமல், ஆறே மாதத்தில் டிரம்ஸைப் பரணில் ஏற்றிவிட்டு, "அவனுக்கு ஆர்வமே இல்லைங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறோம். மூடிச் சத்தத்தை ஆறு மாதம் கேட்டால் யாருக்கு ஆர்வம் இருக்கும்?

அன்று சிவப்பு டிரம்ஸை விட்டுவிட்டு, ஒரு பழைய செட்டும் புது வெண்கல ஹை-ஹாட்டும் வாங்கினோம். பார்க்க அழகாக இல்லை என்று அக்காவுக்கு இன்னும் கோபம். பையன் மட்டும் தினமும் போன் செய்து, "மாமா, இதைக் கேளுங்க" என்று தட்டிக் காட்டுகிறான். மெதுவாகத்தான் தட்டுகிறான்.