விரல் நுனியின் விலை

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றவுடன் நம்மவரிற் பலர் சினிமா நடிகையின் மூக்கை நினைத்துக்கொள்கின்றனர். பெயர் செய்த மயக்கம் அது. வாளியும் சீப்பும் செய்யும் பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வடிவமைத்தல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் இது. சிதைந்த உறுப்பை மீண்டும் தொழிற்படச் செய்வதே இக்கலையின் தலையாய பணி. நடிகையினும் முன்னதாக இதனை நாடவேண்டியவர்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் உழைப்போரே.

கொழுந்து கிள்ளுவது பெருவிரலும் சுட்டுவிரலும். இரண்டிலையும் ஒரு மொட்டும் எவையென்பதைக் கண் காணுமுன்னரே விரல் நுனி உணர்ந்துவிடும். கவ்வாத்துக் கத்தி சறுக்கினாலும், இறப்பர்த் தாளை அழுத்தும் உருளை கவ்வினாலும் பெரும்பாலும் முதலிற் போவது அந்த நுனிதான். காயம் ஆறிவிடலாம். உணர்விழந்த விரலோடு குறித்த கிலோவை எடுக்க முடியாதவளுக்கு முழுப்பேர் எப்படி விழும்? அரைப்பேர்தான்.

இவ்விடத்திலே, சென்னை ஸ்டான்லி மருத்துவமனைப் பேராசிரியர் ஆர். வெங்கடசாமியின் பணி நினைவுக்கு வருகிறது. துறைமுகத்தை அடுத்துள்ள வடசென்னையின் அரசாங்க மருத்துவமனை அது. கைச் சத்திரசிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்குமெனத் தனித்துறை ஒன்றை 1971 இல் அவர் அங்கே தொடங்கினார். 1980 இல் அவரும் என். சுப்பிரமணியனும் வெளியிட்ட கட்டுரை, சாய்வாக அறுபட்ட விரல் நுனியைச் சீராக்கும் புதுமுறை ஒன்றை உலகுக்கு அறிவித்தது. அதே விரலின் தோலை முக்கோணமாகப் பிரித்து, அதனைச் சார்ந்த இரத்தக்குழாயும் நரம்பும் அறாதபடி முன்னே நகர்த்தி, நுனியை மூடுவது அம்முறை. தோல் மட்டுமா வருகிறது? தொடுவுணர்வும் உடன் வருகிறது.

ஆயினும், அவருடைய பெருமை கத்தியின் நுட்பத்தோடு முடிந்துவிடவில்லை என்பதே என் கருத்து. மருத்துவத் தலைமை என்றால் சங்கத்து நாற்காலியும் பொன்னாடையும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். (நமது இலக்கியச் சங்கங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல.) பணமில்லாத தொழிலாளியின் விரலுக்கு அரசாங்க மருத்துவமனையில் ஓர் இடம் வேண்டுமென்று கண்டு, அதனை நிறுவி, தாம் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி மாணவரைப் பழக்குவதல்லவோ தலைமை!

நம் நாட்டில் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இழந்த விரலுக்கு நூற்றுவீதக் கணக்கில் விலை வகுத்திருக்கிறது. விலையைப் பெற்றுக்கொண்டால் விரல் திரும்புமா? சப்ரகமுவப் பல்கலைக்கழக மருத்துவ பீட மாணவர் இன்று இரத்தினபுரியிலேயே பயில்கின்றனர். அவர்களுட் சிலரேனும் இத்துறையை நாடி, கற்றபின் இம்மலைகளுக்கே திரும்ப வேண்டும்.

அதற்கிடையில், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் ஒன்றை வகுப்பிற் சொல்லிவைக்கலாம். துண்டான விரலை எறிந்துவிடக் கூடாது. பனிக்கட்டியில் நேரே போடவும் கூடாது. சுத்தமான ஈரத் துணியிற் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் காயமுற்றவருடனேயே தாமதமின்றி அனுப்ப வேண்டும். லயத்தில் பனிக்கட்டி ஏது என்பீர்கள். சந்திக் கடையின் ஐஸ் பெட்டியில் இருக்கும்.