தையற்காரன் மனைவி கேட்ட கேள்வி

கொடிவழி ஆராய்ச்சி என்றாலே எனக்கு நெடுங்காலமாக ஓர் அவநம்பிக்கை உண்டு. தம் முன்னோரைத் தேடப் புறப்படுவோரிற் பலர் உண்மையில் தேடுவது முன்னோரை அன்று; தமது இன்றைய பெருமைக்கு ஒரு பழஞ் சான்றினையே. ஒரு பிரபுவோ, ஒரு படைத்தலைவனோ, பட்டயம் பெற்ற ஒரு நிலக்கிழானோ கையில் அகப்பட்ட அளவில் அவர்களுடைய தேடல் இனிதே முடிவடைந்துவிடும். அந்தப் பிரபுவின் காலத்திற் சேற்றில் நின்று வரம்பு கட்டியவனையும், கடன்பட்டு நீதிமன்ற வாயிலில் நின்றவளையும் தம் பாட்டன் பாட்டியென உரிமை கொண்டாட முன்வருவோர் மிகச் சிலரே.

இந்த அவநம்பிக்கை இன்னும் என்னை முற்றாக விட்டு நீங்கவில்லை. எனினும், கனடாவின் கீழ்க்கரையில் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றிய ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை ஆராய்ச்சியாளர் துருவிக் கண்ட வரலாற்றைப் படித்தபின், கொடிவழி ஆராய்ச்சி செம்மையாகச் செய்யப்படுமாயின் அது குலப்பெருமையை வளர்ப்பதற்கு மாறாக, அதற்குத் தக்க மருந்தாகவும் அமையலாம் என்ற எண்ணம் என்னுள் எழுந்தது. அக்குடும்பத்தின் பெயர் மெலன்சன். அது அக்காடியக் குடும்பம்.

ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் அக்காடியாவை அறிவர். அமெரிக்கக் கவிஞர் லோங்பெல்லோ 1847-இல் வெளியிட்ட 'எவாஞ்சலின்' என்னும் நெடுங்கவிதையின் களம் அதுவே. நானும் மாணவப் பருவத்தில் அக்கவிதை வாயிலாகவே அந்நாட்டை முதன்முதலில் அறிந்தேன். இன்று நோவா ஸ்கோஷியா, நியூ பிறன்ஸ்விக் என வழங்கும் மாகாணங்களை உள்ளடக்கிய அந்நிலத்திற் பிரெஞ்சுக்காரர் 1604-இல் வந்திறங்கினர். மறு ஆண்டு போர்ட் றோயல் என்னுங் குடியிருப்பை அமைத்தனர். குடும்பங் குடும்பமாக உழவர் வந்து நிலைத்தது 1630-களிலிருந்துதான். கடல் ஏறி வற்றும் உவர்ச் சதுப்பைக் காடழிக்காமலே விளைநிலமாக்கிய திறமை அவர்களுடையது. மண்ணணை கட்டி, அதனடியில் ஒருபுறமே திறக்கும் மரக்கதவு பொருத்திய மதகு வைத்து, மழைநீர் வெளியேறவும் கடல்நீர் உட்புகாமலும் செய்து, சில ஆண்டுகளில் உவர் கழுவப்பட்ட மண்ணிற் கோதுமை விளைத்தார்கள்.

அக்காடியக் குடும்பங்களின் மூலத்தைத் தேடுவோர் யாவரும் முதலில் வந்து சேருமிடம் 1671-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. லோரன் மோலின் என்னும் பிரான்சிஸ்கன் துறவி வீடுவீடாகச் சென்று பெயர், வயது, தொழில், பிள்ளைகள், மாடு, ஆடு, உழுநிலம் என்பவற்றைக் கேட்டு எழுதினார். போர்ட் றோயலில் ஏறக்குறைய எழுபது குடும்பங்கள். அவற்றுட் சில வீடுகளில் அவருக்கு நல்ல வரவேற்புக் கிடைக்கவில்லை. மிடாச் செய்யும் ஒருவர், தாம் நலமாக இருப்பதாகவும் ஆனால் வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லியனுப்பினார். இன்னொருவர் கணக்குக் கொடுக்க மாட்டேன் எனத் துறவியிடம் சொல்லும்படி மனைவியிடங் கூறிவிட்டு முகங் காட்டாது போய்விட்டார். தையற்காரரான பியேர் மெலன்சனோ வயதையும் சொல்லவில்லை, மாட்டையும் நிலத்தையும் சொல்லவில்லை. அவர் மனைவி ஒருபடி மேலே சென்று, இத்தகைய காரியங்களுக்காகத் தெருத்தெருவாய் ஓடித் திரிய உமக்கென்ன பைத்தியமா என்று துறவியையே கேட்டுவிட்டாள். துறவி நேர்மையானவர், அந்த ஏச்சையும் குறித்து வைத்தார்.

இந்தப் பெண்மணி யார் தெரியுமா? பொபொங்கூப் என்னும் பகுதிக்குப் பிரபுவாக விளங்கிய பிலிப் மியூஸ் டான்திரமோனின் மகள். தையற்காரனுக்குப் பிரபுவின் மகள் வாழ்க்கைப்பட்டது அக்காடியாவில் வியப்பன்று. காட்டு நாட்டிலே பட்டங்களுக்கு அவ்வளவு கனமில்லை. ஆயினும் இக்காலத்திற் குலப்பெருமை தேடுவோன் ஒருவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? பிரபுவைக் கண்டவுடன் அந்தப் பக்கமாகத் திரும்பிவிடுவான். தையற்காரனின் தாய் யார், தந்தை யார் என்று கேட்கவே மறந்துவிடுவான். நமக்கு வேண்டிய வரலாறு அந்த மறந்த பக்கத்திலேதான் இருக்கிறது.

மெலன்சன் என்ற பெயர் பிரெஞ்சுச் செவிக்குப் புதியது. ஆகவே நெடுங்காலம் இக்குடும்பத்தைச் ஸ்கொத்லாந்துக் குடியெனவே பலர் எழுதிவந்தனர். சேர் வில்லியம் அலெக்சாந்தர் 1629-இல் போர்ட் றோயலில் ஸ்கொத்லாந்தியரைக் குடியேற்ற முயன்றதும், 1632-இல் அந்நிலம் பிரான்சுக்கு மீண்டதும் வரலாறு. அப்போது திரும்பிச் செல்லாது தங்கிவிட்டவர்களின் வழிவந்தோரே மெலன்சன்கள் என்பது அக்கொள்கை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, சான்றுதான் இல்லை. 1671-ஆம் ஆண்டுக் கணக்கில் பியேரின் தம்பி சார்ள்ஸ் அண்ணனைப்போல் மறுக்கவில்லை. தமக்கு வயது 28, மனைவிக்கு 23, பெண் பிள்ளைகள் நால்வர் என்று பணிவுடன் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தபோது ஸ்கொத்லாந்தியர் போய்ப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆதலால் வேறிடத்திலே தேட வேண்டியதாயிற்று.

விடை கிடைத்தது அக்காடியாவில் அன்று, பொஸ்டன் நகரத்தில். மசாசூசெற்ஸ் ஆட்சியினருக்கு 1677-இல் பிரிசில்லா மெலன்சன் என்னும் முதியவள் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். தன் கணவர் பீற்றர் லாவேர்டூர் பிரெஞ்சுக்காரர் என்றும், தான் ஆங்கிலப் பெண் என்றும், தாங்கள் புரட்டஸ்தாந்தர் என்றும், கத்தோலிக்கப் பிரெஞ்சு ஆட்சிக்கஞ்சிப் பொஸ்டனுக்கு வந்தவர்கள் என்றும் அதிலே சொல்கிறாள். ஆங்கிலேயர் 1654-இல் அக்காடியாவைக் கைப்பற்றியதும், அதன் ஆளுநராகச் சேர் தோமஸ் டெம்பிள் 1657-இல் வந்ததும் நாமறிந்தவை. அவருடன் இக்குடும்பமும் இங்கிலாந்திலிருந்து வந்ததென்பது ஆய்வாளர் துணிபு. 1667-ஆம் ஆண்டுப் பிரேடா உடன்படிக்கையாற் பிரான்சு அக்காடியாவை மீளப் பெற்று, 1670-இல் அதிகாரங் கைமாறியது. அப்போது பெற்றோர் பொஸ்டனுக்குப் போயினர். பியேரும் சார்ள்சும் அக்காடியாவிலே தங்கிக் கத்தோலிக்கராய் வாழ்ந்தனர். இக்குடும்பம் தந்தைவழியிற் பிரெஞ்சு, தாய்வழியில் ஆங்கிலம் என்பதை 1970-களில் வரலாற்றறிஞரான கிளாரென்ஸ் டான்திரமோன் அடிகளார் தெளிவாக நிறுவினார்.

அந்த விண்ணப்பம் எழுதப்பட்ட காரணத்தையும் மறைப்பதற்கில்லை. மூன்றாவது மகன் ஜோன் ஒரு வழக்கில் அகப்பட்டிருந்தான். 1676-இல் ஒரு கப்பற் கூட்டத்தார் அக்கரையோரத்துப் பூர்வகுடி மக்களை வஞ்சனையாற் கப்பலேற்றிச் சென்று அசோர்ஸ் தீவுகளில் அடிமைகளாக விற்றனர். அக்கப்பலிற் சென்றவர்களில் அவனும் ஒருவன். பிணையிலிருந்தவன் வழக்குக்கு வராது ஓடிப்போனான். கணவனை இழந்த தாய், அந்தப் பிணைச்சுமையிலிருந்து தன்னை விடுவிக்குமாறு கெஞ்சுகிறாள். மகன் செய்த ஒரு கொடுமையினால் எழுந்த தாளே அந்தக் குடும்பத்தின் மூலத்தைக் காட்டும் ஒளியாயிற்று! மகன் குற்றமற்றவனாய் இருந்திருப்பின் தாயின் குரல் நமக்குக் கேட்டே இராது. முன்னோரைத் தேடுவோன் பிரபுவின் மகளை ஏற்றுக்கொண்டு இந்த ஜோனைத் தள்ளிவிட இயலுமா? இயலாது. ஒரே கொடியில் இருவரும் காய்த்திருக்கிறார்கள்.

இனி, இவ்வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய பகுதிக்கு வருகிறேன். பியேர் மெலன்சன் 1680-களில் போர்ட் றோயலை விட்டுச் சென்று கிறான்ட் பிறே என்னும் புதிய ஊரைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். அவர் மக்களும் பேரரும் அண்டை வீடுகளிற் பெண் கொண்டும் கொடுத்தும் பெருகினர். 1713-ஆம் ஆண்டு உற்றெக்ட் உடன்படிக்கையின்படி அந்நாடு மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1755-இல் அம்மக்களை வேரோடு பெயர்த்துக் கப்பலேற்றுவதென ஆங்கில அதிகாரிகள் முடிவு செய்தனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 5-ஆம் நாள் கேணல் ஜோன் வின்ஸ்லோ கிறான்ட் பிறே தேவாலயத்தினுள் 418 ஆடவரையும் சிறுவரையும் அழைத்து, அவர்கள் கைதிகள் என்றும் நிலமும் கால்நடையும் அரசுடைமை என்றும் அறிவித்தார். பிரெஞ்சுக்காரர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட அடிப்படைக் குற்றம். வின்ஸ்லோ எங்கிருந்து வந்தவர்? மசாசூசெற்சிலிருந்து. எந்த நாட்டிற் பிரிசில்லா அடைக்கலம் புகுந்தாளோ, அந்நாட்டின் படை, அந்த ஆங்கிலப் பாட்டியின் கொள்ளுப்பேரர் வாழ்ந்த ஊருக்கே வந்து, அவள் வழித்தோன்றல்களைப் பிரெஞ்சுக்காரரென நாடு கடத்தியது. யார் எவரென்று அறியாதே இனப்பகை வாளோங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

வின்ஸ்லோவும் ஒரு கணக்கு எடுத்தார். அவருடைய நாட்குறிப்பிலே குடும்பத் தலைவரின் பெயர்கள், ஆண் பிள்ளைகள் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை, எருது எத்தனை, பசு எத்தனை என வரிசையாக உள்ளது. துறவி 1671-இற் கேட்ட அதே கேள்விகள்! அன்று கேட்டது ஆள்வதற்கு. இன்று கேட்டது அகற்றுவதற்கு. தையற்காரன் மனைவியின் ஏச்சில் ஒரு தீர்க்கதரிசனம் இருந்ததென்று எனக்குத் தோன்றுகிறது. தங்களை எண்ண வருபவன் நாளை எதற்கு வருவான் என்பதை எளியவர் எக்காலத்தும் ஐயுற்றே வந்திருக்கின்றனர். ஆனால் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: அவள் வெறுத்த அந்தக் கணக்கும், வின்ஸ்லோவின் கொடுங்கணக்குமே இன்று அவள் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்தற்கரிய செல்வங்களாய் இருக்கின்றன.

ஆள்வோர் எழுதியவை அவ்வாறாக, மக்கள் தாமே காத்தவையும் உண்டு. கிறான்ட் பிறேயிலிருந்த புனித சார்ள்ஸ் தேவாலயத்தின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளை அகதிகள் தம்முடன் எடுத்துச் சென்றனர். 1707 முதல் 1748 வரையிலான அவ்வேடுகள் அவர்களோடு அலைந்து, ஈற்றில் லூசியானாவைச் சேர்ந்து, இன்று அங்கே பாற்றன் றூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலத்தை விட்டார்கள், மாட்டை விட்டார்கள், மதகை விட்டார்கள். தாம் யாருக்குப் பிறந்தவர் என்று சொல்லும் ஏட்டை விடவில்லை. வேறு சிலர் பிரான்சின் கரையோரத்துப் பெல் ஈல் தீவில் 1765-இற் குடியேற்றப்பட்டனர். ஏடுகளற்ற அவர்களை 1767-இல் அமரச் செய்து, தந்தை, பாட்டன், பூட்டன் என நினைவிலிருந்தே சொல்ல வைத்து அதிகாரிகள் எழுதினார்கள். அந்நினைவு சிலவிடங்களில் ஆவணங்களோடு ஒத்தும், சிலவிடங்களிற் பிழைத்தும் இருக்கிறது. நாடிழந்தவன் தலைமுறை நான்கை நாவிலே சுமந்தான் என்பதே பெரிது.

ஏடுமில்லாத, நினைவுமில்லாத இடங்களில் ஆய்வாளர் கையாளும் ஒரு நுட்பம் ஆசிரியர்களும் மாணவரும் அறிந்து மகிழத்தக்கது. நான்காந் தலைமுறைக்குட்பட்ட உறவினர் மணஞ்செய்யத் திருச்சபை அந்நாளில் விதிவிலக்கு வழங்க வேண்டும். ஊர் சிறியது, உறவு நெருக்கம். எனவே விவாகப் பதிவுகளில், இன்னார் மூன்றாம் முறை உறவினர், இன்னார் நான்காம் முறை உறவினர் எனக் குருவானவர் எழுதி வைத்தார். மூன்றாம் முறையெனின் இருவர்க்கும் பூட்டன் ஒருவனாதல் வேண்டும். இவ்வாறு பல திருமணக் குறிப்புக்களை ஒன்றோடொன்று பொருத்தி, எந்த ஏட்டிலும் எழுதப்படாத முன்னோரையும் அவர்கள் கண்டுபிடித்தனர். மொங்டன் பல்கலைக்கழகத்தின் அக்காடிய ஆய்வு நிலையத்தில் ஸ்ரீபன் வைற் பல்லாண்டு உழைத்து 1999-இல் வெளியிட்ட அக்காடியக் குடும்பங்களின் வமிச அகராதி, 1636 முதல் 1714 வரையுள்ள குடும்பங்களை இவ்வகையிற் சான்றோடு நிறுத்துகிறது. கட்டுக்கதைக்கு அங்கே இடமில்லை. சான்றில்லாத பிரபுவுக்கும் இடமில்லை.

செத்தவரைத் தோண்டி என்ன பயன், இருப்பவர் துயரைத் தீர்ப்போமே எனச் சிலர் கேட்பர். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இருப்பவர் துயருட் பெரும்பகுதி, நாம் வேறு, அவர் வேறு என்ற நினைப்பினால் விளைவது. அந்நினைப்பு நிற்பது பெரும்பாலும் பொய்யான கொடிவழியின் மேலேயே. மெய்யான கொடிவழி நம்மை ஓரிடத்திலே நிறுத்தி வைப்பதில்லை. அது பகைவனின் வீட்டு வாசலுக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது. குற்றவாளிக் கூண்டுக்கும் அழைத்துச் செல்கிறது. கத்தோலிக்கப் பிரெஞ்சுக் குடியெனத் தம்மை எண்ணிய ஒரு மக்கட் கூட்டத்தின் வேரிலே, புரட்டஸ்தாந்த ஆங்கிலக் கிழவி ஒருத்தி கண்ணீரோடு நிற்கிறாள். அவளை ஏற்றுக்கொண்டதனால் மெலன்சன்கள் சிறுமையடையவில்லை. காஸ்பரோ ஆற்றங்கரையில் மெலன்சன் என்ற ஊர்ப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. லூசியானாவிலும் கியூபெக்கிலும் அப்பெயர் தாங்கியோர் வாழ்கின்றனர்.

ஆகவே, முன்னோரைத் தேடுவோர்க்கு யான் சொல்ல விரும்புவது இதுவே: தேடுங்கள்; ஆனால் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏடு காட்டுபவர் எவராயினும் அவரை வணங்கி ஏற்றுக்கொள்ளுங்கள். அவ்வாறு ஏற்கும் மனம் இல்லாதவர் இக்காரியத்தில் இறங்காதிருப்பதே நன்று. அத்தகையோரைப் பார்த்துத்தான், இதற்காகத் தெருத்தெருவாய் ஓடித் திரிய உமக்கென்ன பைத்தியமா என்று அத்தையற்காரன் மனைவி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.