மானின் விலாசம்

மான் என்றால் நடுக்காடு. அதைவிட்டு ஒரு மான் வெளியே வந்தால் அது அநாதை. கதைக்காரர்களும் சினிமாக்காரர்களும் இப்படித்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு வெண்வால் மான் யார் வீட்டுத் தோட்டத்திலாவது புகுந்து செடியைக் கடித்துவிட்டால் போதும், "ஐயோ பாவம், மனிதன் அதன் காட்டைப் பிடுங்கிக்கொண்டான், அது அகதியாக வந்து நிற்கிறது!" என்று கண்ணீர் விட ஒரு கூட்டம் தயார்.

இந்தக் கண்ணீர் எனக்குப் பிடிக்கவில்லை. கருணை தப்பு என்று சொல்ல வரவில்லை. விசாரிக்காத கருணை தப்பு என்கிறேன்.

மரங்கள் அடர்ந்த முதிர்ந்த காட்டில் தரையில் வெயில் விழுவதில்லை. வெயில் விழாத இடத்தில் மானின் வாய்க்கு எட்டுகிற தழை ஏது? வெண்வால் மானுக்குப் பிடித்தது, காடு முடிந்து வெளி தொடங்குகிற விளிம்பு. ஒரு பக்கம் மேய்ச்சல், மறுபக்கம் பதுங்கப் புதர். வடக்கே பனி கொட்டும் மாதங்களில்தான் ஊசியிலை மரங்களின் கீழே கூட்டமாக ஒதுங்கும். விளிம்பின் மகிமையை ஆல்டோ லியோபோல்ட் 1933-ல் 'கேம் மேனேஜ்மென்ட்' என்ற நூலிலேயே விளக்கிவிட்டார்.

காட்டைத் துண்டு போட்டு, நடுவே வீடு கட்டி, புல்தரை வளர்த்து, ரோஜாவும் வைத்த மனிதன் என்ன செய்தான்? ஊரையே விளிம்பாக்கினான். ஓநாயையும் பூமாவையும் பெரும்பாலான இடங்களில் ஒழித்தான். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்! வந்த விருந்தாளியை அகதி என்பதா?

வரைமுறையில்லாத வேட்டையால் 1900-ஐ ஒட்டிச் சில லட்சமாகச் சுருங்கிப்போன இனம், இன்று அங்கே சுமார் மூன்று கோடி. சட்டம் காப்பாற்றியது, விளிம்பு பெருக்கியது.

ஃபெலிக்ஸ் சால்டன் 1923-ல் வெளியிட்ட நாவலில் 'பாம்பி' ஐரோப்பிய ரோ மான். வால்ட் டிஸ்னி 1942-ல் படமெடுத்தபோது அதை வெண்வால் மானாக்கி, காட்டுக்கே இளவரசனாக்கினார். படம் நல்ல படம்தான். ஆனால், சினிமாக் கொட்டகையில் பிழிந்த கைக்குட்டையோடு காட்டுக்குச் சட்டம் எழுதப் போகலாமா?

மான் மிஞ்சிப்போன காட்டில் மரக்கன்று தலைதூக்குவதில்லை. டிரில்லியம் போன்ற காட்டுப் பூக்கள் குறைகின்றன. தாழ்ந்த புதரில் கூடு கட்டும் குருவிகளுக்கு இடமில்லை. கிழட்டு மரம் விழுந்தால் அதன் இடத்துக்கு வர வாரிசு கிடையாது. அழுகிறவர்கள் அழுவது மானுக்காக, அழிவது காடு.

"அப்படியானால் மானைச் சுடச் சொல்கிறீரா?" என்பார்கள். எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டிய இடத்தில் குறைக்கத்தான் வேண்டும். அது மனசுக்குக் கஷ்டமான வேலைதான். அந்தக் கஷ்டத்திலிருந்து தப்பித்துக்கொள்ளத்தான் இந்த அகதிக் கதை உதவுகிறது. மானிடம் அன்பு இருக்கிறவர்கள் முதலில் அதன் விலாசத்தை விசாரிக்கட்டும். அழுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.