கை மரத்தால் மெஷின் மேல் பழியா?

"மாமியார் சொல்வது நிஜமாக இருக்குமோ?" என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

சமாசாரம் இதுதான். அவருடைய கணவருக்குப் பொல்லாத குறட்டை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற ரகம். நடுநடுவே சத்தம் அடியோடு நின்றுவிடும். கூடவே மூச்சும் நின்றுவிடும். இவர் பதறிப்போய், "என்னங்க, என்னங்க!" என்று உலுக்குவார். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பரிசோதித்து, 'ஸ்லீப் ஆப்னியா' என்று சொன்னார்கள். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க், நீளமாக ஒரு குழாய், மேஜை மேல் வைக்க ஒரு சின்ன மெஷின் என்று 'ஸீபாப்' வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குறட்டை போயிற்று. ஆனால் பத்தே நாளில் புது உபத்திரவம்! காலையில் எழுந்தால் வலது கை மரத்துக் கிடக்கிறது. விரல்களில் எறும்பு ஊர்கிறது. தோள்பட்டையில் வலி. "ராப்பூரா அந்த மெஷின் காத்தை உள்ளே அடிக்குது. அந்த வாயுதான் கையிலே போய்ப் பிடிச்சுக்கிட்டிருக்கு" என்று மாமியார் தீர்ப்பளித்துவிட்டார். மெஷின் இப்போது பரண் மேல் இருக்கிறதாம்.

சகோதரி, முதல் காரியமாக அதைப் பரணிலிருந்து இறக்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. காற்று உள்ளே போகிறது, கை வலிக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடுவது சகஜம்தான். ஆனால் அந்தக் காற்று எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்வதுதான் இந்த வியாதி. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை தடவை என்று கணக்கெடுக்கிறார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் பாதகமில்லை. 30-ஐத் தாண்டினால் கடுமை. மெஷின் அனுப்பும் காற்று அந்தப் பாதையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். 1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் ஸலிவன் என்ற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்து இதை முதன் முதலில் செய்து பார்த்தார். வீடு பெருக்குகிற சாமானிலிருந்து எத்தனை பேருக்கு உயிர் வந்திருக்கிறது, பாருங்கள்!

காற்றின் வேகத்தை நினைத்தும் பயப்பட வேண்டாம். தண்ணீர் நிறைந்த டம்ளரில் உறிஞ்சு குழாயை அடி வரைக்கும் விட்டு ஊதினால் குமிழி வருகிறதே, ஏறக்குறைய அந்த அழுத்தம்தான். அந்தக் காற்று நுரையீரலுக்குப் போய் வெளியே வந்துவிடும். சிலர் கொஞ்சம் காற்றை விழுங்கிவிடுவது உண்டு. அவர்களுக்குக் காலையில் வயிறு உப்பும், ஏப்பம் வரும். அதை டாக்டரிடம் சொன்னால் அழுத்தத்தைச் சரி செய்வார். ஆகவே வயிற்று விஷயத்தில் மாமியார் கட்சி பாதி ஜெயிக்கும். கைக்கு மட்டும் அந்தக் காற்று போக வழியே இல்லை.

பின்னே கை ஏன் மரக்கிறது?

மெஷின் வருவதற்கு முன்பு உங்கள் கணவர் எப்படித் தூங்கினார் என்று நினைத்துப் பாருங்கள். மூச்சு அடைபடும் ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். அவரும் திணறி, புரண்டு, கையை உதறிப் படுப்பார். அது தூக்கமே இல்லை, போராட்டம். ஆனால் அந்தப் போராட்டத்தில் கை ஒரே இடத்தில் நெடுநேரம் நசுங்கவில்லை. இப்போதோ பல வருஷங்களுக்குப் பிறகு நிஜமான தூக்கம் வந்திருக்கிறது. போட்டது போட்டபடி கிடக்கிறார். கை தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் விடிகிற வரையில் அங்கேதான்.

அதோடு மாஸ்க் நகர்ந்துவிடுமோ, குழாய் பிடுங்கிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. புதிதாக மாட்டிக்கொள்கிறவர்கள் பலர் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாகப் படுக்கிறார்கள். சிலர் குழாயைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். மெஷின் கட்டிலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கவனியுங்கள். வலது பக்கத்து மேஜையில் இருந்தால், குழாய் எட்ட வேண்டும் என்பதற்காகவே ராத்திரி முழுவதும் வலது பக்கமே ஒருக்களித்துப் படுக்கக்கூடும். உங்கள் கணவருக்கு மரப்பது வலது கை என்கிறீர்கள். எனக்கு இந்த மேஜை மேல்தான் சந்தேகம்.

'ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் மரக்கிறது' என்று நாம் சொல்வதும் முழுக்கச் சரியல்ல. பெரும்பாலும் நசுங்குவது நரம்புதான். எந்த நரம்பு என்பதை விரல்களே சொல்லிவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நெருக்கடி. இதைத்தான் 'கார்ப்பல் டனல்' என்கிறார்கள். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் முழங்கையில் நெருக்கடி. கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதே நரம்பு! முழங்கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினால் அது இழுபட்டு நசுங்குகிறது. கட்டில் சட்டத்தின் மேல் கையைத் தொங்கப் போட்டு அசந்துவிட்டால் இன்னொரு நரம்பு நசுங்கி, மணிக்கட்டையே தூக்க முடியாமல் போவதும் உண்டு. கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்கு இறங்கும் வலி என்றால் தலையணையைச் சந்தேகியுங்கள். மூச்சு முட்டாமல் இருக்க இரண்டு மூன்று தலையணை அடுக்கிப் படுத்த பழைய வழக்கத்தை, மெஷின் வந்த பிறகும் பலர் விடுவதில்லை. இனி அத்தனை உயரம் வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குறைக்கலாம்.

செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். குழாயைப் பக்கவாட்டில் விடாமல் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு கொக்கி அடித்து, மேலேயிருந்து இறங்கும்படி விடுங்கள். அப்போது இரண்டு பக்கமும் தாராளமாகப் புரளலாம். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்க்கையைத் தலைக்கு அடியில் வைக்காமல் முன்னால் நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்கைக்கு மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுங்கள். குழந்தைக்குக் கொடுப்பதுபோல இருக்கிறதே என்று அவர் கேலி செய்தாலும் கொடுங்கள். முழங்கை மடங்குவதைத் தடுக்க, ஒரு துண்டைச் சுருட்டி முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம். மணிக்கட்டுத் தொந்தரவானால், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும். ராத்திரி மட்டும் போட்டால் போதும். பகலில் பேப்பர் படிக்கும்போது அரை மணி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பழகினால், படுக்கையில் அந்த விறைப்பும் தளரும்.

நமக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கார்ப்பல் டனல் புருஷர்களைவிட ஸ்திரீகளுக்கே அதிகம். கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் தலைகாட்டும். நடுராத்திரி எழுந்து கையை உதறு உதறு என்று உதறிவிட்டு மறுபடி படுக்கும் பெண்கள் எத்தனை பேர்! ஸ்லீப் ஆப்னியாவும் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கூடுகிறது. ஆனால் பெண்கள் குறட்டை என்று சொல்வதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்கிறார்கள். "வீட்டு வேலை அதிகம்" என்று நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, உடல் பருமன் மூன்றும் இந்த இரண்டு தொந்தரவுகளுக்கும் பொதுவான கூட்டாளிகள். ஆகையால் கை மரக்கிறதென்று டாக்டரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாக் கைவலியையும் தலையணை மேல் போட்டுவிடவும் கூடாது. ஆப்னியா உள்ளவர்களுக்கு ரத்தக் கொதிப்பும் இருதயக் கோளாறும் சேர்ந்தே வருவது உண்டு. கைவலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் கொக்கி அடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி அவ்வளவாகத் தெரியாமல் தாடை வலி, முதுகு வலி, குமட்டல் என்றும் வரலாம். திடீரென்று ஒரு கை வலுவிழந்து, வாய் கோணி, பேச்சு குழறினாலும் அப்படியே. அது மரத்துப்போன கை அல்ல, மூளையில் தாக்குதல்.

மற்றபடி, உதறிய சில நிமிஷத்தில் சரியாகிற மரப்பென்றால் இரண்டு வாரம் படுக்கையை மாற்றிப் பாருங்கள். பகலிலும் விடாமல் மரத்தாலோ, காபி டம்ளர் கை நழுவினாலோ, சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறினாலோ காத்திருக்க வேண்டாம். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போன பிறகு போனால் முழுக்கத் திரும்பக் கிடைப்பது கஷ்டம். மாமியார் அன்போடு வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்தால் மரத்த கைமேல் வைக்க விடாதீர்கள். சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். சர்க்கரை வியாதிக்காரருக்கு அது ஆறவும் நாளாகும்.

டாக்டரிடம் போகிற நாளில் மெஷினையும் துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் மாட்டிக்கொண்டார், மூச்சு எத்தனை தடவை நின்றது, மாஸ்க்கில் காற்று கசிந்ததா என்பதையெல்லாம் அது குறித்து வைத்திருக்கும். கூடவே எந்தெந்த விரல் மரக்கிறது என்று ஒரு வாரத்துக்கு நீங்களும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரைக் கேட்டால் "எல்லா விரலும்தான்" என்று சொல்லிவிடப் போகிறார்!