ஸ்கேன் இருக்கும்போது முதுகில் ஊசி எதற்கு என்பவர்களுக்கு

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மூளைக்காய்ச்சல் சந்தேகத்தோடு ஒருவரைச் சிதம்பரத்துக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோகிறார்கள். "முதுகுல தண்ணி எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதுமே உறவுக்காரர்கள் தயங்குகிறார்கள். அதற்கு இப்போது புது நியாயமும் கிடைத்திருக்கிறது: "எம்.ஆர்.ஐ.லயே ஸ்பெக்ட்ராஸ்கோப்பி வந்துடுச்சு, தண்ணியில என்ன இருக்குன்னு ஊசி போடாமலே தெரிஞ்சிடும்."

தெரியாது. ஸ்பெக்ட்ராஸ்கோப்பி ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சைகையைப் பிரித்து, எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். லாக்டேட் என்றால் 1.3 பி.பி.எம். அருகே ஒரு முகடு எழும். அளவு கணிசமாக இருந்தால்தான் அதுவும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில் மிதக்கும் கிருமியையோ வெள்ளணுக்களின் எண்ணிக்கையையோ அது காட்டாது. போதாக்குறைக்கு, மூளை அறைகளில் உள்ள நீர் இதயத் துடிப்போடு சேர்ந்து அசைந்துகொண்டே இருப்பதால் சைகையும் கலங்கும். இந்த நீரை ஸ்பெக்ட்ராஸ்கோப்பியால் நுணுக்கமாக ஆராயும் ஆய்வகங்கள்கூட, ஊசியால் எடுத்த நீரைத்தான் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஆராய்கின்றன.

ஸ்பெக்ட்ராஸ்கோப்பி வீண் என்று நான் சொல்லவில்லை. மூளையில் தெரியும் கட்டி காசநோய்க் கட்டியா, புற்றுக் கட்டியா, சீழ்க் கட்டியா என்று பிரித்தறிய அது பெரிதும் உதவுகிறது. லக்னோவின் சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்தில் இதில் முக்கியமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஆனால் வந்திருப்பது காசநோய் மூளைக்காய்ச்சலா, அதற்கு எந்த மருந்து கொடுப்பது என்பதை எடுத்த நீர்தான் சொல்லும். அணுக்களின் எண்ணிக்கை, புரதம், ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்ட சர்க்கரை அளவு எல்லாம் அதில் கிடைக்கும். குழாயைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் சில சமயம் சிலந்தி வலை போல மெல்லிய ஆடை படியும். கிருமி சிக்கினால், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து வேலை செய்யுமா என்பதை ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும்.

"கால் விழுந்துடும்" என்பது அடுத்த பயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, 3-4 அல்லது 4-5 எலும்புகளுக்கு நடுவில் இறங்குகிறது. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், அது உண்மை. மூளையில் அழுத்தம் கூடியிருக்கும் அறிகுறி தெரிந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார்கள். ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும் நிறுத்திவைப்பார்கள்.

"தண்ணி வத்திடும்" என்பதும் வேண்டாத பயம். உடலில் சுமார் 150 மி.லி. இருக்கும் இந்த நீர் நாளொன்றுக்கு 500 மி.லி. அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. எடுப்பதோ சில மி.லி.

காசநோய் மூளைக்காய்ச்சலில் ஒவ்வொரு நாள் தாமதமும் பார்வையையோ உயிரையோ பறிக்கலாம். மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், இந்தப் பயங்களை டாக்டரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.